பென்சிலில் எழுதிய 'அணி'

"மேடம், மேட்ரிக்ஸ்னா அணிதானே?"

முதல் செமஸ்டர் கணக்கு வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகுதான் அந்த மாணவி கேட்டாள். பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். நோட்டை வாங்கிப் பார்த்தேன். நான் சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கு மேலும் பென்சிலில் பொடி எழுத்து. டிடர்மினன்ட் மேலே அணிக்கோவை. டிஃபரன்சியேஷன் மேலே வகையிடல்.

ஐகன் வேல்யூ மேலே மட்டும் ஒரு கேள்விக்குறி.

இவளுக்குப் பாடம் தெரியும், ஆங்கிலப் பெயர்தான் தெரியவில்லை. கடைசி பெஞ்சில் நேர் எதிர். பெயரெல்லாம் தெரியும், லிமிட் போடச் சொன்னால் முழிப்பார்கள். அது பிளஸ் ஒன் பாடம். அவர்கள் பள்ளியில் இரண்டு வருடமும் பிளஸ் டூ புத்தகம்தானாம்.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025இல் அதை ரத்தும் செய்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குச் சுமை என்பது சரிதான். ஆனால் கல்லூரியில் பாடம் எடுக்கும் எங்களில் எத்தனை பேர் பிளஸ் ஒன் புத்தகத்தைப் புரட்டியிருப்போம்? நானே இந்த வருடம்தான் வாங்கினேன். (வெட்கமாகத்தான் இருக்கிறது.)

நாளை முதல் பத்து நிமிடம் லிமிட். போர்டில் இரண்டு மொழியிலும் எழுதப் போகிறேன்.

அதற்கு முன்னால் ஐகன் வேல்யூவுக்குத் தமிழில் என்னவென்று தேட வேண்டும்.