பத்தொன்பது நாள்

பென்சாத்தின் பென்சிலினை ஊசியில் ஏற்றுவதே ஒரு வித்தை. பொடியில் தண்ணீர் விட்டுக் குலுக்கினால் அரிசிமாவு கரைத்த மாதிரி இருக்கும்; கொஞ்சம் அசந்தால் ஊசி அடைத்துக்கொள்ளும். 24 லட்சம் யூனிட், புட்டத்தில் இரண்டு பக்கமும் பாதிப் பாதி. உயிர் போகிற வலி. அந்தப் பெண் தலையணையைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள்.

எட்டாம் மாதம் அம்மா வீட்டுக்கு வந்தவள். மூன்றாம் மாதமே வேறு ஊரில் ரத்தம் எடுத்திருக்கிறார்கள். அட்டையில் ஹீமோகுளோபின் இருந்தது, எச்ஐவி இருந்தது. சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கான ரத்தப் பரிசோதனை, விடிஆர்எல், அந்தக் கட்டம் மட்டும் காலி. எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் திரும்ப எடுத்தோம். ரியாக்டிவ், அதாவது நோய்க்கான அடையாளம் இருந்தது; 16 மடங்கு நீர்த்த பிறகும் தெரிந்ததால் 1:16. எப்போது தொற்றியது என்று தெரியாததால் வாரத்துக்கு ஒன்றாக மூன்று முறை போட வேண்டும்.

சிபிலிஸ் என்றால் அவளுடைய அம்மாவுக்குப் புரியாது. மேகநோய் என்றால் நன்றாகவே புரியும், சிக்கலே அதுதான். மகளிடம் தனியாக எல்லாம் சொன்னோம். அம்மாவிடம், "ரத்தத்துல கிருமி, ஊசி போட்டா போயிரும், பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது" என்றேன். கடைசி வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது.

மூன்றாவது ஊசி போட்ட ஐந்தாம் நாள் வலி கண்டு, தலைமை மருத்துவமனையில் ஆண் பிள்ளை. முதல் ஊசியிலிருந்து எண்ணினால் 19 நாள். பிரசவத்துக்கு 30 நாளாவது முன்னால் தொடங்கியிருந்தால்தான் வயிற்றுப் பிள்ளைக்கும் வைத்தியம் ஆனதாகக் கணக்கு. கொப்புளம் இல்லை, மூக்கடைப்பு இல்லை, பால் நன்றாகக் குடித்தான். அதை நம்பி விட முடியாது. பிள்ளையின் ரத்தமும் ரியாக்டிவ், 1:8; அது தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருளாகவும் இருக்கலாம். பத்து நாள் நரம்பு வழியாகப் பென்சிலின் போனது.

பார்க்கப் போனேன். பிஞ்சுக் கையில் கேனுலா, மேலே பிளாஸ்திரி. "ஒண்ணும் ஆகாதுன்னு நீதானே தாயி சொன்னே?" என்றார் பாட்டி. நான் பிளாஸ்திரியைச் சரிசெய்வது போல நின்றேன்.

கணவன் ரத்தம் கொடுக்க வருவதற்குள் ஒரு மாதம் ஆகிவிட்டது. அவனுக்கும் போடாவிட்டால் இவளுக்குத் திரும்ப வரும் என்று நம்பிக்கை மைய (எச்ஐவி பரிசோதனை மையம்) ஆலோசகர் நாலு முறை போனில் சொன்ன பிறகே வந்தான்.

ஆறாம் மாதம் எடுத்தபோது பிள்ளையின் ரத்தம் ரியாக்டிவ் இல்லை. சீட்டை வாங்கிக்கொண்ட பாட்டி குரலைத் தாழ்த்தி, "இப்பவாவது சொல்லு, என்ன வியாதி அது?" என்றார். பின்னாலிருந்து மகள் லேசாகத் தலையை ஆட்டினாள்.

"ரத்தத்துல கிருமிம்மா" என்றேன்.