காபிலெய்ராவில் தொடங்குங்கள், பாம்பனெய்ராவில் சாப்பிடுங்கள்

ஸ்பெயினின் தெற்கே, கிரனாடாவிலிருந்து சாலை வழியாகச் சுமார் 70 கி.மீ. தூரத்தில், சியர்ரா நெவாடா மலையின் தெற்குச் சரிவில் இருக்கிறது அல்புஹாரா. அங்கே போக்கெய்ரா பள்ளத்தாக்கின் ஒரே பக்கத்தில் மூன்று வெள்ளை ஊர்கள், ஒன்றின் தலைக்கு மேல் ஒன்றாக: பாம்பனெய்ரா சுமார் 1,060 மீட்டர் உயரம், புபியோன் 1,300, காபிலெய்ரா 1,430. மூன்றையும் ஒரே நாளில் நடந்தே பார்த்துவிடலாம்.

பலருக்கும் திட்டம் கெட்டுப்போவது போகும் வரிசையில்தான். இந்த மூன்றில் கிரனாடாப் பேருந்து முதலில் நிற்பது பாம்பனெய்ராவில். எல்லோரும் அங்கேயே இறங்கி, கடைகளில் தொங்கும் ‘ஹராப்பா’ எனப்படும் உள்ளூர்க் கம்பளங்களுக்கு விலை கேட்டு, உச்சி வெயிலில் மேலே ஏறத் தொடங்குவார்கள். காபிலெய்ரா போய்ச் சேரும்போது மணி நாலு. அங்கே மதியச் சாப்பாடு ஒன்றரை, இரண்டு மணிக்குத் தொடங்கி நாலு மணியோடு முடிந்துவிடும். இரவுச் சாப்பாடு எட்டரைக்கு மேல்தான். நடுவில் பசித்தால் காப்பியும் ரொட்டியும்தான் கிடைக்கும்.

அதனால் அதே பேருந்தில் காபிலெய்ரா வரை போய் இறங்குங்கள். முற்பகலில் ஊரைச் சுற்றிவிட்டு, பன்னிரண்டு மணிவாக்கில் புபியோன் வழியாக இறங்க ஆரம்பித்தால், நின்று பார்த்துக்கொண்டே வந்தாலும் சாப்பாட்டு வேளைக்குப் பாம்பனெய்ரா வந்துவிடலாம். இறக்கம் மொத்தம் 370 மீட்டர். முழங்கால் வலி உள்ளவர்கள் ஊன்றுகோல் வைத்துக்கொள்வது நல்லது. மழை பெய்தால் சந்துக் கற்கள் வழுக்கும், தேய்ந்த செருப்பு ஆகாது. காரில் போகிறவர்கள் பாம்பனெய்ராவின் முகப்பிலேயே நிறுத்திவிட வேண்டும். சந்துக்குள் ஓட்டிப்போனால் திருப்ப இடமிருக்காது. ஞாயிற்றுக்கிழமை கிரனாடாவே இங்கே வந்து உட்கார்ந்திருக்கும். வார நாள் பார்த்துப் போங்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரையும், செப்டம்பர், அக்டோபரும் நல்ல காலம்.

நடக்கும்போது அண்ணாந்தும் பாருங்கள், குனிந்தும் பாருங்கள். மற்ற அந்தலூசிய (தென் ஸ்பெயின்) வெள்ளை ஊர்களில் ஓட்டுக்கூரை, இங்கே மொட்டைமாடி. 1568இல் கிளர்ச்சி செய்து, தோற்று, வெளியேற்றப்பட்ட மோரிஸ்கோக்கள் (கிறிஸ்தவத்துக்கு மாற்றப்பட்ட முஸ்லிம்கள்) விட்டுப்போன கட்டுமுறை இது. மொரோக்கோவின் அட்லஸ் மலை வீடுகளும் இதே சாடைதான். கஷ்கொட்டை மர உத்தரங்கள், அவற்றின்மேல் பலகைக் கற்கள், அதற்கும் மேலே லௌனா என்ற சாம்பல் நிறக் களிமண். மழை பட்டதும் லௌனா ஊதி இறுகி, தண்ணீரை உள்ளே விடாது. பனி குவிந்தால் பாரம் தாங்காது. வழித்துத் தள்ள வேண்டும். சந்துக்கு மேலே ஒரு வீட்டின் அறை எதிர்வீட்டுச் சுவர் வரை நீண்டு நிழல் தரும் இடத்துக்குத் தினாவோ என்று பெயர். பாம்பனெய்ராவின் சில சந்துகளில் நட்டநடுவே சின்ன வாய்க்கால் ஓடும்.

சாப்பாட்டுக்கு வருவோம். பிளாதோ அல்புஹாரெஞ்ஞோ என்று கேட்டால் ஒரே தட்டில் எல்லாம் வரும்: உருளைக்கிழங்கு, பொரித்த முட்டை, மோர்சியா என்ற இரத்தத் தொத்திறைச்சி, சோரிசோ அல்லது லாங்கனிசா என்ற வேறு தொத்திறைச்சி, பன்றி இடுப்புக்கறி, ஒரு துண்டு ஹமோன் (உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடை). இருவர் பகிர்ந்தாலும் போதும். அந்தத் தட்டின் உயிர் இறைச்சியில் இல்லை, உருளைக்கிழங்கில். பெயர் ‘பாப்பாஸ் அ லோ போப்ரே’, ஏழை வீட்டுக் கிழங்கு.

நால்வருக்கு ஒரு கிலோ கிழங்கு, ஒரு பெரிய வெங்காயம், இரண்டு நீளப் பச்சை மிளகாய் (நம் பஜ்ஜி மிளகாயைப் போல, காரமில்லாதது), தோலோடு நசுக்கிய நாலு பல் பூண்டு, 200 மி.லி. ஆலிவ் எண்ணெய். கிழங்கை அரை செ.மீ. கனத்தில் வட்டமாக நறுக்கி உப்பிட்டு, எல்லாவற்றையும் அகன்ற சட்டியில் போட்டு, சிறுதீயில் பாதி மூடி அரை மணி நேரம். பொரியக் கூடாது, எண்ணெயிலேயே வேக வேண்டும். தீ கூடினால் ஓரம் மொறுமொறுத்து நடு வேகாமல் நிற்கும். அடிக்கடி கிளறினால் கூழாகிவிடும். இரண்டு முறை புரட்டினால் போதும். கடைசியில் எண்ணெயை வடித்துவிடுங்கள். அதே எண்ணெயில் முட்டை பொரித்தால்தான் அந்த மணம் வரும்.

சைவக்காரர்கள் கவனிக்க: ‘சின் கார்னே’ (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் சொன்னால் பெரிய துண்டுகளை எடுத்துவிட்டு, ஹமோன் பொடித்துண்டுகளோடு கொண்டுவருவார்கள். ‘சின் ஹமோன்’ என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பருப்பு, பயறுக் குழம்புகளிலும் பன்றிக்கொழுப்பு இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். இனிப்புக்கு சொப்லியோ, பாதாமும் முட்டை வெள்ளையும் சேர்ந்தது.

ஹமோனுக்கென்றே போகிறவர்கள் ட்ரெவேலெஸுக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். மூன்று ஊர்களோடு அதையும் திணித்தால் எதையும் ருசிக்க முடியாது. கிட்டத்தட்ட 1,480 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர் அது. வெள்ளைப் பன்றியின் பின்தொடை, கடல் உப்பு, மலையின் குளிர்ந்த வறண்ட காற்று, ஒரு வருடத்துக்கும் மேலான காத்திருப்பு: அவ்வளவுதான் சேர்மானம். குளிரான காற்று இறைச்சியைக் கெடவிடாமல் காப்பதால் உப்பு குறைவாகவே போதும். அதனால்தான் நாக்கில் கொஞ்சம் இனிக்கிறது. வெற்றிடப் பொட்டலம் வாங்கினால், சாப்பிடுவதற்கு அரை மணி முன்பே பிரித்துத் தட்டில் பரப்புங்கள். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்ததும் கொழுப்பு மெழுகு மாதிரி நாக்கில் ஒட்டும். அறைச் சூட்டில் அது கண்ணாடிபோல் தெளிந்து மினுங்கும்போது சாப்பிடுங்கள்.