11 காலிக் கட்டங்கள், 11 மதிப்பெண்கள்

நேற்று மாலை முடிவு வந்தது. தேர்ச்சி. ஒரு வருடமாக என் மதிப்பெண் பட்டியலில் குந்தியிருந்த அரியர் ஒருவழியாக எழுந்து போய்விட்டது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். அடுத்த வாரம் கேட்டால் எல்லாம் எளிதாக இருந்ததுபோலப் பேச ஆரம்பித்துவிடுவேன்.

எம்.சி.ஏ. தரவுக் கட்டமைப்புத் தாளைப் பற்றித்தான் சொல்கிறேன். பகுதி அ, பகுதி ஆ பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை, பழைய வினாத்தாள்களே போதும். என்னைக் கவிழ்த்தது பகுதி இ, 15 மதிப்பெண் வடிவமைப்புக் கேள்வி. புள்ளியியல் மென்பொருள் நூலகம் ஒன்றில் பயன்படுத்துவதற்காக, தேவைக்கேற்ப நீளவும் சுருங்கவும் கூடிய எண் அணி (எண்களை வரிசையாக வைக்கும் கட்டங்கள்) ஒன்றை வடிவமைக்க வேண்டும். அதன் மெத்தடுகளை (ஒவ்வொரு வேலைக்குமான நிரல் துண்டுகளை) எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவை விளக்க வேண்டும். இரண்டு முறையும் கிட்டத்தட்ட இதே கேள்விதான் வந்தது.

முதல் முறை நான்கு பக்கம் எழுதினேன். வெளியே வந்தபோது 12 வரும் என்று நம்பினேன். விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தால் 4. சராசரி காணும் மெத்தடைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி, அவ்வளவுதான்.

அந்த வட்டத்துக்குள் இருந்தது இதுதான். 16 கட்டங்கள் கொண்ட அணியை உருவாக்கியிருந்தேன். எடுத்துக்காட்டுக்கு ஐந்து வெப்பநிலைகளைப் போட்டேன்: 24, 26, 28, 30, 32. கூட்டினால் 140, சராசரி 28. நான் எழுதிய மெத்தடோ அணியின் நீளம் வரை ஓடி, அணியின் நீளத்தால் வகுத்தது. ஜாவா நிரல்மொழியில் புதிய டபுள் (பதின்ம எண் வகை) அணியின் கட்டங்கள் எல்லாம் சுழியத்தோடுதான் பிறக்கின்றன. ஆக, 140ஐ 16ஆல் வகுத்து 8.75 என்று சொல்கிறது என் மெத்தட். அதைவிடக் கேவலம், சிறும மதிப்பைக் கேட்டால் 0 என்கிறது. எண்கள் எல்லாம் எதிர்மறையாக இருந்தால் பெரும மதிப்பும் 0. கூட்டலில் காலிக் கட்டம் வாயை மூடிக்கொண்டு இருக்கும். சிறுமம், பெருமம், இடைநிலை என்று வந்தால் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

5 எண்கள், 11 காலிக் கட்டங்கள். 15இல் 4 வாங்கினால் போனது எத்தனை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சில நாள் அதை நினைத்துச் சிரித்தேன், சில நாள் சிரிக்க முடியவில்லை. மறுமதிப்பீட்டுக்கும் பணம் கட்டினேன். ஒரு மதிப்பெண்கூட ஏறவில்லை. அணி நிரம்பினால் இரு மடங்கு பெரிய புது அணிக்கு எண்களை நகலெடுக்கும் இரட்டிப்பாக்கும் முறையின் செலவை ஒன்றரைப் பக்கம் சரியாகத்தான் எழுதியிருந்தேன். அதற்காவது 7 கொடுத்திருக்கலாம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

விடுதியில் எனக்கு மேல் வகுப்பில் படித்த அக்கா நகலைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பாடப் புத்தகத்தை மூடிவை. வேலை செய்கிற நூலகம் ஒன்றின் மூல நிரலை எடுத்துப் படி." அப்படித்தான் அப்பாச்சி காமன்ஸ் மேத் என்ற ஜாவா கணித நூலகத்தில் உள்ள ரீசைசபிள் டபுள் அரே என்ற கிளாஸிடம் போய்ச் சேர்ந்தேன். அதே நூலகத்தின் விவரிப்புப் புள்ளியியல் கிளாஸ் தன் எண்களை இதற்குள்தான் வைத்திருக்கிறது. நம் கேள்வியை அப்படியே ஒருவர் விடையாக எழுதி வைத்ததுபோல இருந்தது.

அதில் முதலில் கண்ணில் பட்டது, அணியின் நீளமும் எண்களின் எண்ணிக்கையும் தொடக்க இடமும் மூன்று தனித்தனி விவரங்களாக இருப்பது. எந்தக் கணக்குக்கும் இந்த கிளாஸ் அணியை மட்டும் கொடுப்பதில்லை. அணி, எங்கிருந்து, எத்தனை என்று மூன்றையும் சேர்த்தே கொடுக்கிறது. உள்ளே இருக்கும் அணியை நேரடியாக வெளியே நீட்டும் மெத்தட் ஒன்றும் பழைய பதிப்புகளில் இருந்தது; இனிப் பயன்படுத்த வேண்டாம் என்று பின்னர் அதைக் குறித்துவிட்டார்கள். எண்களைக் கேட்டால் நகல் கிடைக்கும். நகல் வேண்டாம், கணக்கு மட்டும் போதும் என்றால் கணக்கையே அணியிடம் அனுப்பலாம், அதற்கென்று தனி மெத்தட் இருக்கிறது. இதைப் படித்த இரவு என் பழைய விடைத்தாளை மறுபடி எடுத்துப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

இரண்டாவது, சுருங்குவது. எல்லாரும் வளர்வதைப் பற்றியே எழுதுகிறோம். "பாதி காலியானால் பாதியாகச் சுருக்கு" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். தாளில் போட்டுப் பாருங்கள். 16 கட்டமும் நிரம்பியிருக்கிறது. 17ஆவது எண் வருகிறது, 32 ஆகிறது. ஒன்றை நீக்குகிறோம், 16 எண்கள், சரிபாதி, உடனே 16 கட்டமாகச் சுருங்குகிறது. மறுபடி ஒன்று வருகிறது, மறுபடி 32. ஒவ்வொரு எண்ணுக்கும் முழு நகல்! வீட்டைக் காலி செய்து, மறுநாள் அதே வீட்டுக்குக் குடிவருவதுபோல. காமன்ஸ் மேத்தில் இயல்பாக வளர்ச்சிக் காரணி 2.0, சுருங்கும் வரம்பு 2.5; அதாவது கட்டங்கள் எண்களின் எண்ணிக்கையைப் போல 2.5 மடங்கைத் தாண்டினால்தான் சுருங்கும். வரம்பைக் காரணிக்குக் கீழே வைக்க முயன்றால் பிழை என்று மறுத்துவிடும். அந்த 0.5 இடைவெளி ஏன் என்று ஒரு பத்தி எழுதினால் திருத்துபவர் நிமிர்ந்து உட்காருவார். கால்வாசிக்குக் குறைந்தால் பாதியாகச் சுருக்கு என்ற பாடப் புத்தக விடையும் சரிதான்.

இனி நான் சுவரில் ஒட்டி வைத்திருந்தவை:

- தொடக்கக் கொள்ளளவு 16. இரட்டித்துக்கொண்டே போனால் 10 லட்சம் எண்களுக்கு 16 முறை வளர்ந்தால் போதும். மொத்த நகல்கள் 10,48,560.
- ஒவ்வொரு முறையும் 16 கட்டம் மட்டும் கூட்டினால் அதே 10 லட்சத்துக்கு 62,499 முறை வளர வேண்டும். நகல்கள் 3,124 கோடியே 95 லட்சம். சூத்திரத்தோடு நிறுத்தாதீர்கள், இந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்து எழுதுங்கள்.
- கூட்டல் முறை முழு முட்டாள்தனம் என்று எழுதாதீர்கள். காமன்ஸ் மேத் இரண்டு முறைகளையும் தருகிறது. நினைவகம் இறுக்கமாக இருந்து, எத்தனை எண்கள் வரும் என்பதும் ஏறக்குறையத் தெரிந்தால் கூட்டலே போதும்.
- ஜாவாவின் அரே லிஸ்ட் (அதிலேயே உள்ள நீளும் பட்டியல்) ஒன்றரை மடங்காக வளர்கிறது. "அப்படியானால் அதையே ஏன் பயன்படுத்தக் கூடாது?" என்று கேட்பார்கள். டபுள் ஒன்றுக்கு 8 பைட். அரே லிஸ்டில் அதைப் பொருளாகப் பொதிந்துதான் வைக்க முடியும்; வழக்கமான 64 பிட் ஜாவாவில் பொருளுக்கு 24, அதைச் சுட்டும் குறிக்கு 4.
- பைதான் மொழியின் நம்பை நூலகத்தில் கடைசியில் எண் சேர்க்கும் அப்பெண்ட் ஒவ்வொரு முறையும் முழு அணியையும் நகலெடுக்கிறது. ஒப்பீட்டுக்கு ஒரு வரி, அதற்கு மேல் வேண்டாம்.
- எண்ணிக்கை சுழியமாக இருந்தால் சராசரி என்ன? இதை எழுதாமல் மெத்தடை முடிக்காதீர்கள்.

சுழலும் சாளரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கடைசி 100 எண்களின் சராசரி மட்டும் போதும் என்றால், புதிது வரும்போது பழையது வெளியேற வேண்டும். காமன்ஸ் மேத் எல்லா எண்களையும் இடப்பக்கம் தள்ளுவதில்லை. தொடக்கக் குறியை ஒரு கட்டம் முன்னால் நகர்த்தி, கடைசியில் புது எண்ணை வைக்கிறது. வலப்பக்கம் இடம் தீர்ந்தால் வளர்கிறது, அளவுக்கு மீறிப் பெருத்தால் சுருங்கும்போது எண்கள் முன்னால் வந்துவிடுகின்றன. வட்ட வரிசையாக (கடைசிக் கட்டம் தீர்ந்தால் மறுபடி முதல் கட்டத்துக்கு வருவதாக) வைத்திருந்தால் இவ்வளவு நகல் வேண்டாமே என்று நானும் நினைத்தேன். ஆனால் வட்டத்தில் எண்கள் அணியின் கடைசியில் பாதி, முதலில் பாதி என்று பிரிந்து கிடக்கும். அப்புறம் ஒவ்வொரு புள்ளியியல் கணக்கையும் இரண்டு துண்டுகளுக்காகத் திருத்தி எழுத வேண்டும். ஒரே தொடர்ச்சியாக இருப்பதால்தான் "எங்கிருந்து, எத்தனை" என்ற இரண்டு எண்களோடு வேலை முடிகிறது.

தேர்வு அறையில் நான் செய்தது ஒன்றே ஒன்று. ஒரு வரி எழுதுவதற்கு முன் கட்டங்களை வரைந்தேன். மேலே நீளம், கீழே எண்ணிக்கை, இடப்பக்கம் தொடக்கக் குறி. ஒவ்வொரு மெத்தடுக்கும் முன் ஒரு படம், பின் ஒரு படம். காலிக் கட்டங்களில் பென்சிலால் கோடு போட்டேன். கூடிப் படிக்கிறவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியலாம். நான் தனியாக, இரவில், தாளில் வரைந்து படிக்கிறவள். நிரலைத் திரையில் பார்த்தால் புரிந்ததுபோலவே இருக்கும், எழுதும்போதுதான் புரியாதது தெரியும். மூன்று நோட்டுப் புத்தகங்கள் முழுக்கக் கட்டங்கள்தான்.

ஆய்வகத் தேர்வும் நிலுவையில் இருந்ததால் அதையும் இதே பருவத்தில் எழுதினேன். வாய்மொழியில் வெளித் தேர்வாளர் கேட்டார்: "சாளரத்தை நகர்த்தும் மெத்தட் வெளியேறிய எண்ணை ஏன் திருப்பித் தருகிறது?" கூட்டுத்தொகையிலிருந்து அதைக் கழித்துவிட்டுப் புதியதைச் சேர்த்தால் போதும், மொத்தமாக மறுபடி கூட்ட வேண்டியதில்லை என்றேன். தலையசைத்தார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். மாறுபாட்டுக்கும் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) அப்படியே, எண்களின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையை வைத்துக்கொண்டால் முடிந்தது என்று உற்சாகத்தில் சேர்த்துவிட்டேன்.

அவர் ஒரு தாளை எடுத்து மூன்று எண்களை எழுதினார்: 1000000001, 1000000002, 1000000003. "இதற்குப் போட்டுக் காட்டம்மா."

எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து வகுத்தால் மாறுபாடு 1 என்பது பார்த்தாலே தெரிகிறது. ஆனால் வர்க்கங்கள் 19 இலக்கம். அந்த உயரத்தில் டபுள் வகையில் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு நடுவே 128 இடைவெளி இருக்கிறது. நான் கழித்துக் கண்டுபிடிக்க வேண்டியதோ வெறும் 2. முதலில் சராசரியைக் கண்டு, பிறகு ஒவ்வொன்றின் விலகலையும் வர்க்கமாக்கிக் கூட்டினால் எந்தச் சிக்கலும் இல்லை என்று வியர்த்துக்கொண்டே சொன்னேன். "அப்படியானால் உன் மெத்தடுக்குள் எது இருக்க வேண்டும்?" என்றார். மறுபடி கட்டங்களை வரைந்து, எங்கிருந்து, எத்தனை என்று குறித்து, இரண்டு முறை ஓடும் கணக்காக அடித்து எழுதினேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அடுத்த பதிவெண்ணை அழைத்தார்.