கால் ஊன்றாமல்

நவம்பர் 5, 2024, செவ்வாய்

வேலை போயிற்று. வேலை அனுமதி அட்டையைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. இன்றிலிருந்து 30 நாள்தான் சிங்கப்பூரில் இருக்கலாம்.

நவம்பர் 6

வேலை நாளில் காலை ஏழரை மணிக்கு செஸ்நட் காடு எப்படி இருக்கும் என்று இத்தனை வருஷம் தெரியாமலே போய்விட்டது. ஆளே இல்லை. வடக்கையும் சேர்த்தால் சைக்கிள் பாதை 8.2 கிலோமீட்டர். எனக்குத் தெற்குச் சுற்றே போதும், ஒன்றரை கிலோமீட்டர் சொச்சம். அந்தக் கல் திட்டு அங்கேதான் இருக்கிறது. ஏற்றம் முடிந்து திரும்பியதும் எட்டுப் பத்துக் கருங்கல், நடுவில் பல் மாதிரி ஒன்று துருத்திக்கொண்டு. மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் பல்லுக்கு முன்னால் இடது கால் தானாகத் தரைக்கு இறங்கிவிட்டது.

நவம்பர் 8

அப்பா போன். "ஆபீஸ்லயாடா இருக்கே?" "ஆமாப்பா." அதே நேரம் பார்த்துத் தலைக்கு மேல் துடுப்புவால் கரிச்சான் ஒன்று கத்தித் தொலைத்தது. "ஆபீஸ்ல என்னடா குருவி?" ஜன்னல் திறந்திருக்கு என்றேன். பதினெட்டாம் மாடி என்று போன தடவை நானே பெருமையாகச் சொல்லியிருந்தேன்.

நவம்பர் 9

டயர் காற்றை 30இலிருந்து 25க்கு இறக்கினேன். 30இல் பின் சக்கரம் கல்லில் பட்டதும் பந்து மாதிரி எகிறுகிறது. 25இல் கல்லைக் கவ்வுகிறது. இன்னும் இறக்கினால் ரிம் அடி வாங்கும். சீட்டை முழுசாகத் தாழ்த்தி, இரண்டு பெடலும் சமமாக வைத்து, பின்னால் சாய்ந்துதான் போனேன். எல்லாம் சரி. கால் மட்டும் கீழே. வீட்டுக்கு வந்து குளிக்கும்போதுதான் உறைத்தது: முன் பிரேக்கில் விரல் இருந்திருக்கிறது. பல் வருவதற்கு முன்பே அழுத்திவிடுகிறேன்.

நவம்பர் 11

மழை. பாதை மூடியிருப்பதாகப் பலகை. கொஞ்ச நேரம் அதன் முன்னாலேயே நின்றேன்.

நவம்பர் 14

இன்டர்வியூ போன கம்பெனியில் எனக்கு வேலை அனுமதி கிடைக்குமா என்று புள்ளிகளைத் தாளில் எழுதிக் கூட்டினேன். சம்பளத்துக்கு 10. பட்டத்துக்கு 10. உள்ளூர் ஆட்கள் எத்தனை பேர் என்ற கணக்கில் 10. அடுத்த வரிசையில் நம் நாட்டுக்காரர்கள் அந்தக் கம்பெனியில் ஏற்கெனவே நாலில் ஒரு பங்குக்கு மேல், அதனால் பூஜ்யம். மொத்தம் 30. வேண்டியது 40. இன்டர்வியூ நன்றாகத்தான் போயிருந்தது. ஆக, நான் போதாதவன் இல்லை, எங்கள் ஆட்கள் அதிகம். இதை அப்பாவுக்கு எப்படிச் சொல்வது?

"ஜனவரிக்கு ஸ்கூல் யூனிஃபார்ம் வாங்கணுமா வேணாமாங்க?" என்றாள் மனைவி. பதில் சொல்லாமல் செயினுக்கு எண்ணெய் போடப் போய்விட்டேன்.

நவம்பர் 17, ஞாயிறு

அவளும் மகள் சின்னவளும் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், அதனால் கல் திட்டுப் பக்கம் போகவில்லை. (பார்க்க ஆள் இருந்தால் என்ன ஆகும் என்று தெரியும்.) பார்வைக் கோபுரத்தில் ஏறினோம். கண்ணுக்கு எட்டியவரை பச்சை, நடுவில் அப்பர் பீர்ஸ் நீர்த்தேக்கம். "இந்தத் தண்ணியா நம்ம குழாய்ல வருது?" என்று கேட்டாள் சின்னவள். 1977இல் இதைத் திறந்து வைத்தபோதுதான் லீ குவான் யூ, சிங்கப்பூர் ஆற்றைப் பத்தே வருஷத்தில் சுத்தமாக்க வேண்டும் என்று கெடு வைத்தார். ஆக்கியும் காட்டினார்கள். ஆற்றுக்குப் பத்து வருஷம் கொடுத்த ஊர்.

குரங்கு ஒன்று அவள் கைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே முறுக்கு இருந்தது அதற்கு எப்படித் தெரியுமோ.

நவம்பர் 20

சைக்கிளை விற்பனைக்குப் போட்டேன். 1,400 சிங்கப்பூர் வெள்ளி. ஒருத்தன் வணக்கம்கூட இல்லாமல் "600?" என்று அனுப்பியிருக்கிறான். கடைசிச் சம்பளம் வரிக் கணக்கு முடியும்வரை கைக்கு வராது. 600 என்பது அரிசி, பருப்பு, ஒரு டிக்கெட். பதில் போடவில்லை.

நவம்பர் 22

சின்னக் கம்பெனி. மொத்தமே இருபது பேர்தான். அப்படியென்றால் கடைசி இரண்டு வரிசைக்கும் தலா 10 தானாகவே வரும். 10, 10, 10, 10. நாலு தடவை கூட்டினேன். விண்ணப்பம் போட்டுவிட்டார்கள்.

நவம்பர் 23

விரலை பிரேக்கிலிருந்து எடுத்துவிட்டுப் போனேன். விழுந்தேன். முழங்கையில் தோல் போனது. ஆனால் பல்லைத் தாண்டித்தான் விழுந்தேன்!

நவம்பர் 26

பெண்டிங்.

நவம்பர் 27

பெண்டிங். அப்பா கூப்பிட்டார், எடுக்கவில்லை.

நவம்பர் 30

சைக்கிள் பார்க்க ஒரு பையன் வந்தான், பத்தொன்பது வயது இருக்கும். ஓட்டிப் பார்க்கணும் அங்கிள் என்றான். பின்னாலேயே நடந்து போனேன். கல் திட்டில் ஏறி, பல்லின் மேலேயே உருட்டி, இறங்கிப் போய்விட்டான். அங்கே ஏதோ இருந்தது என்றுகூட அவனுக்குத் தெரிந்த மாதிரி இல்லை. திரும்பி வந்து, "பிரேக் கொஞ்சம் தேஞ்சிருக்கு அங்கிள், 1,100க்குத் தர்றீங்களா?" என்றான். புதன்கிழமை வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

பாதி வழியில் நின்று அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்தேன். என் பெடல் கீறிய கோடுகள், ஏழெட்டு.

டிசம்பர் 2

அவள் யூனிஃபார்ம் வாங்கிவிட்டாள். என்னைக் கேட்கவில்லை. ஒரு அளவு பெரிதாக.

டிசம்பர் 3, செவ்வாய்

காலை 6.50. ராத்திரி மழை இல்லை. காற்று 25. போனை வீட்டிலேயே வைத்துவிட்டு