சனிக்கிழமை டப்பா

ஜூன் 7, 2025, சனி

ராத்திரி எட்டரைக்கு மாத்திரை டப்பாவோடு உட்கார்ந்தேன். ஏழு நாள், காலை ஒன்று ராத்திரி ஒன்று, மொத்தம் பதினாலு அறை. செவ்வாய்க்கிழமை மூடி போன வருஷமே உடைந்துபோய் செலோடேப்பில் நிற்கிறது. புதுசு வாங்கலாம், நூத்தைம்பது ரூபாய்தான். ஆனால் டப்பா மாறினால் என் பிள்ளை இரண்டு நாள் முகம் கொடுக்க மாட்டான்.

கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தவன் திரும்பாமலே சொன்னான்: "வியாழன் ராத்திரிக்கு ஒண்ணு கம்மி."

எண்ணிப் பார்த்தேன். கம்மிதான்.

எனக்கு அறுபத்தொன்று, என் வீட்டுக்காரருக்கு அறுபத்தாறு, இவனுக்கு இருபத்தேழு. இந்த மூன்று எண்ணையும் கூட்டிக் கழிப்பதே கொஞ்ச நாளாக எனக்கு வேலையாகப் போயிற்று.

ஜூன் 12, வியாழன்

மாசாந்திர ரத்தப் பரிசோதனை. மனச்சிதைவுக்கான க்ளோசபின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வெள்ளை அணுக்கள் திடீரென்று இறங்கிவிடலாம் என்பதால் முதல் 18 வாரம் வாராவாரம் குத்தினார்கள். இப்போது மாசத்துக்கு ஒரு தடவை. ரத்தம் எடுக்கிற பையன் இவனிடம் "என்ன தல, எந்தக் கை?" என்று கேட்பான். ஊரில் இவனை அப்படி சகஜமாகக் கூப்பிடுகிற இன்னொருத்தர் யார் என்று யோசித்தேன். பால் பூத் அண்ணன் ஒருத்தர்.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் இரண்டு காலேஜ் பையன்கள். ஒருத்தன் இன்னொருத்தனை "கீழ்ப்பாக்கம் கேஸுடா நீ" என்றான். சிரிப்பு. 1794லிருந்து இருக்கிற மனநல ஆஸ்பத்திரி, இத்தனை வருஷத்தில் மெட்ராஸ்காரன் வாயில் வசவாகிவிட்டது. நாங்கள் அயனாவரத்தில்தான் இருக்கிறோம், அந்தக் காம்பவுண்டு சுவரைத் தாண்டித்தான் மார்க்கெட்டுக்குப் போக வேண்டும். என் பிள்ளை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். கேட்டிருப்பான். கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

மனநோயுள்ள பிள்ளைகளின் பெற்றோர் கூட்டம். போன வருஷம் வரை அங்கே பேச்செல்லாம் எந்த மருந்து, எந்த டாக்டர், குணசீலம் கோவிலில் 48 நாள் இருந்தால் தெளியுமா என்பதுதான். நாங்களும் போய் இருந்தோம். அந்த 48 நாளும் அவன் நன்றாகத் தூங்கினான், அதைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வந்த பதினோராம் நாள் மறுபடி டிவி தன்னைப் பற்றிப் பேசுகிறது என்றான்.

இப்போது எங்கள் செட்டுக்கு வயசாகிவிட்டது. பேச்சும் மாறிவிட்டது. "நமக்கப்புறம்" என்று ஆரம்பித்து யாரும் வாக்கியத்தை முடிப்பதில்லை.

இன்று பேச வந்த டாக்டரம்மா சென்னையிலேயே நடந்த ஒரு ஆய்வைச் சொன்னார். 1981-82ல் முதன்முதலாக மனச்சிதைவு கண்ட 90 பேரை டாக்டர் தாராவும் கூட இருந்தவர்களும் வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்திருக்கிறார்கள். பத்தாவது வருஷத்தில் பாதிக்கும் மேலானவர்கள் நல்ல நிலையில் இருந்தார்களாம். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து "கேட்டியா, பாதிக்கும் மேல" என்றார். நான் மிச்சப் பேரின் அம்மாக்களை நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே கணக்கு, அவருக்கு ஒரு விடை, எனக்கு ஒரு விடை.

வீட்டுக்கு வந்தால் நாத்தனார் போன். ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போ என்கிறாள், அதே பல்லவி. 2001 ஆகஸ்ட் 6 காலையில் அந்த ஊர் மனநலக் காப்பகம் ஒன்றில் சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த 28 பேர் தீயில் கருகிப்போனதை அன்றைக்கு டிவியில் பார்த்தவள் நான். அப்போது இவனுக்கு மூணு வயசு, என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். "பாக்கறேன் அண்ணி" என்று வைத்துவிட்டேன்.

ஜூலை 3, வியாழன்

நான் தபால் துறையில் முப்பத்தைந்து வருஷம் கவுன்டரில் உட்கார்ந்தவள். மத்திய அரசு ஓய்வூதியம். பிள்ளைகளுக்குக் குடும்ப ஓய்வூதியம் பொதுவாக 25 வயதோடு நின்றுவிடும், ஆனால் மனநோயால் தானாகச் சம்பாதிக்க முடியாத பிள்ளைக்கு எங்கள் இருவருக்கும் பிறகு ஆயுசு முழுக்க வரும். நாங்கள் உயிரோடு இருக்கும்போதே பேரைச் சேர்த்துவிடலாம். எத்தனை பேருக்கு இந்த விவரத்தை கவுன்டரில் சொல்லியிருப்பேன், சொந்த வீட்டுக் காகிதத்தைத் தொட இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

மருத்துவச் சான்றிதழுக்கு மட்டும் மூணு நடை. ஒரு கிளார்க் "பையன் நல்லாத்தானே நிக்கறான்" என்றார். நல்லாத்தான் நிற்கிறான். அதற்குத்தானே வாராவாரம் பதினாலு அறை நிரப்புகிறேன்.

எல்லாம் நிரப்பிவிட்டேன். பணத்தை அவன் சார்பில் வாங்கப்போகிற பாதுகாவலர் பெயர் என்ற ஒரு கட்டம் காலி. தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் பாதுகாவலர் போட வழி இருக்கிறதே என்று விசாரித்தேன். 1999ல் வந்த அந்தச் சட்டத்தில் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவு வளர்ச்சிக் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இந்த நான்குதான். மனநோய் இல்லை.

ஜூலை 6, ஞாயிறு

ஓசூரிலிருந்து மகள் வந்தாள். கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டேன்.

"போடும்மா. என் பேரத்தான் போடுவேன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எனக்குக் கல்யாணம் பேசும்போது தம்பியப் பத்தி சொல்லாதன்னு சொன்னியே, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருக்கிறது. அவளாகவே மாப்பிள்ளையிடம் சொன்னாள் என்பதும் ஞாபகம் இருக்கிறது. கத்திரிக்காய் கறுத்துப்போகும் என்று தண்ணீரில் போட்டேன்.

ஜூலை 12, சனி

ராத்திரி டப்பாவை அவன் முன்னால் வைத்தேன். "நீ போடு, நான் பாக்கறேன்." அட்டையைக் கிழிக்க எனக்கு ஆகிற நேரத்தைப் போல் மூணு மடங்கு. புதன்கிழமையை இரண்டு தடவை எண்ணினான். எனக்குக் கை பரபரத்தது, புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டேன்.

பக்கத்தில் ஓய்வூதிய ஃபாரம் கிடந்தது. எடுத்துப் படித்தான்.

"அக்கா பேரு போடப் போறியா?"

"அக்காகிட்ட கேட்டுட்டேன்."

"என்கிட்ட கேக்கலியே."

2017 மனநலச் சட்டம் சிகிச்சை விஷயத்தில் தன் பிரதிநிதியைத் தானே எழுதித் தரும் உரிமையை இவனுக்குக் கொடுத்திருக்கிறது என்று கூட்டத்தில் நாலு பேருக்கு எடுத்துச் சொன்னவள் நான்தான்.

"சரி, சொல்லு. யாரு?"

"அக்கா அழுவா. மாமா பேரப் போடு. அவரு கணக்கு கரெக்டா பாப்பாரு. போன தீபாவளிக்கு எனக்கு முப்பது ரூவா பாக்கி தரணும்னு அவரே ஞாபகம் வச்சுக் குடுத்தாரு."

மணி ஒன்பதே கால். மாப்பிள்ளை சாப்பிட்டிருப்பார். போனை ஸ்பீக்கரில் போடச் சொன்னான், தானே கேட்கிறானாம். ரிங் போகிறது.