லாகில் கண்ட பெயர்

2020 ஏப்ரல் 7, சிங்கப்பூரில் சர்க்கிட் பிரேக்கர் என்ற கொரோனா முடக்கம் தொடங்கிய நாள். அலுவலகமே வீடுகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. நெட்வொர்க் பிரிவில் இருந்த நான், உட்லண்ட்ஸ் வீவக அடுக்குமாடி வீட்டின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் நுழையும் வழியான விபிஎன் ஏன் இப்படித் திணறுகிறது என்று தேடிக்கொண்டிருந்தேன்.

எங்களுடையது ஃபுல் டனல். ஆபீஸ் லேப்டாப்பில் யூடியூப் திறந்தாலும் அது முதலில் அலுவலக சர்வருக்குப் போய், அங்கிருந்துதான் வெளியே போகும். எல்லோரும் ஒரே நேரத்தில் நுழைந்தால் திணறாமல் என்ன செய்யும்? யார் அதிகம் இழுக்கிறார்கள் என்று பார்க்க லாகை, அதாவது யார் எப்போது எந்தத் தளத்துக்குப் போனார்கள் என்ற பதிவைத் திறந்தேன்.

கணக்குப் பிரிவு அக்காவின் பெயர் கண்ணில் பட்டது. இரவு ஒன்றரை மணி, இரண்டு மணி, இரண்டே கால். வரிசையாகப் புற்றுநோய் மருத்துவமனைத் தளங்கள். உள்ளே என்ன படித்தார் என்று அதில் இல்லை, தளத்தின் பெயர் மட்டும்தான். அதுவே போதுமானதாக இருந்தது.

மூடிவிட்டேன். ஆனால் மறக்க முடியவில்லை. மறுநாள் ஜூம் கூட்டத்தில், "தம்பி, இன்னைக்கு விபிஎன் பரவாயில்லையே" என்று அவர் சொன்னபோது பதில் வரவில்லை. அவர் யாரிடமும் சொல்லாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. அது எனக்கு உரிமையில்லாத செய்தி.

வேலை முடிந்தும் விபிஎன்னைத் துண்டிக்காமல் சொந்த வேலை பார்ப்பவர்கள்தான் அதிகம். இன்காக்னிட்டோவில் பார்த்தால் தெரியாது என்று நம்புகிறார்கள். அது அந்தக் கணினியில் ஹிஸ்டரி சேராமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். நிறுவனம் தன் டிஜிட்டல் சான்றிதழை லேப்டாப்பில் போட்டு, வழியில் ப்ராக்ஸி என்ற இடைநிலை சர்வரும் வைத்திருந்தால், பூட்டுச் சின்னம் போட்ட பக்கத்தின் உள்ளடக்கத்தைக்கூடப் பிரித்துப் பார்க்க முடியும்.

சிங்கப்பூரின் 2012ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, வேலை உறவை நிர்வகிக்கத் தேவையான தகவலை முதலாளி சம்மதமின்றித் திரட்டலாம், ஆனால் ஊழியரிடம் சொல்லியாக வேண்டும். எங்கள் ஒப்பந்தத்திலும் அப்படிச் சொல்லும் ஒரு வரி இருந்தது. யாரும் படிக்காத அந்த ஒரு வரியைச் சொன்னதாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஸ்ப்ளிட் டனலுக்கு மாற்றி, அலுவலக வேலையை மட்டும் விபிஎன் வழியாக விடலாம் என்று மேலாளரிடம் வாதாடினேன். காவலில்லாத வழியில் வைரஸ் புகுந்தால் என்ன செய்வது என்று கேட்டார். அந்தப் பயம் நியாயமானதுதான். கடைசியில் வீடியோ தளங்களை மட்டும் வெளியே விட்டோம். லாகைத் திறக்க இரண்டு பேரின் அனுமதி வேண்டும் என்று ஆக்கினோம். அப்புறம், எது தெரியும், எது தெரியாது என்று எளிமையாக ஒரு பக்கம் எழுதி எல்லோருக்கும் அனுப்பினேன்.

அன்று மாலையே அக்கா கூப்பிட்டார்.

"தம்பி, அப்ப நாங்க பாக்குறதெல்லாம் தெரியுமா?"

"தளத்தோட பேர் தெரியும்க்கா."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"அம்மாவுக்கு நாளைக்கு மூணாவது கீமோ" என்றார்.