கறுப்பிலிருந்து ஆச்சியின் முகம்

ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் கேரளத்திலிருந்து சாரல் வீசத் தொடங்கிவிட்டால், செங்கோட்டையில் நான் கீறல் பலகையை, அதாவது கறுப்பு மையைச் சுரண்டிப் படம் வரையும் பலகையை, கையில் எடுப்பதில்லை. காற்றின் ஈரத்தைப் பலகையின் களிமண் பூச்சு உறிஞ்சிக்கொள்வதால் கோடு சுத்தமாக விழாமல் ஓரம் பிசிறடிக்கிறது. ஆகவே ஆச்சியின் உருவப்படத்தைப் பங்குனி வெயிலில்தான் வரைந்தேன்.

கெட்டிப் பலகையின்மேல் வெண்களிமண்ணை மெல்லியதாகப் பூசி, அதன்மேல் கறுப்பு இந்தியன் இங்க்கைப் படரவிட்டிருப்பார்கள். கூரிய கத்திமுனையால் மையைச் சுரண்டினால் அடியிலுள்ள வெண்மை தெரியும். பென்சிலில் நாம் நிழலை வரைகிறோம். இங்கே வெளிச்சத்தை வரைய வேண்டும், நிழல் முன்பே அங்கே இருக்கிறது. இதற்கு என் கை பழக ஓராண்டுக்கு மேலாயிற்று.

ஆச்சியின் நரைமுடி எளிதாக வந்துவிட்டது. பாம்படம் இழுத்து நீண்ட காதுமடலுக்குத்தான் நான்கு மாலைகள் ஆயின. தோலின் மென்மை நீண்ட கோடுகளில் வராது. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத கீறல்களையும் புள்ளிகளையும், எலும்பின் வளைவை ஒட்டி, அழுத்தத்தை மாற்றி மாற்றி இட வேண்டும். வெண்மை மிஞ்சிய கன்னத்தில் நீர்த்த மையைத் தூரிகையால் ஒற்றி, காய்ந்தபின் மறுபடி கீறினேன். ஒரே இடத்தில் இப்படிச் சில முறைதான் திருத்தலாம். அதற்குமேல் களிமண் பெயர்ந்து பலகை தெரிந்துவிடும்.

கண்மணியின் ஒளிப்புள்ளியைக் கடைசியில் வைத்தேன். அந்த ஒரு குத்தில் ஆச்சி என்னைப் பார்த்தாள். இடப்பக்கப் பாம்படம் சற்றுச் சிறிதாக இருப்பதாக அம்மா சொன்னார்கள். அன்றிரவே அதைச் சரிசெய்தேன்.